10.10 என்று எழுதினால் எத்தனை அடி?

செட்டிநாட்டுப் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் இடங்களில் தரைக்குக் கல் பற்றாமல் போனால், முதலில் அளவு நோட்டைப் புரட்டிப் பாருங்கள். 10 அடி 10 அங்குலத்தை 10.10 என்று எழுதியிருப்பார்கள். கொத்தனாருக்கு அது புரியும். எக்செல்லில் அடித்ததும் கடைசிப் பூஜ்ஜியம் காணாமல் போய் 10.1 ஆகிவிடும். அடிக்கு 12 அங்குலம் என்பது அதற்குத் தெரியாது. 10 அடி 1.2 அங்குலம் என்றே கணக்குப் போடும்.

இரண்டாங்கட்டில் (வீட்டின் இரண்டாம் பகுதியில்) 10 அடி 10 அங்குலத்துக்கு 16 அடி 8 அங்குலம் அறை. 10 அங்குலச் சதுர ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் டைல்). எல்லாவற்றையும் அங்குலமாக்குங்கள். 10×12=120, அதோடு 10 சேர்த்தால் 130. 16×12=192, அதோடு 8 சேர்த்தால் 200. ஒரு பக்கம் 13, மறுபக்கம் 20; 260 கல். உடைசலுக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

இதையே 10.1×16.8 என்று பெருக்கினால் 169.68 சதுர அடி, 245 கல்தான் வரும். 16.8 கொஞ்சம் கூட்டிக் காட்டியும் 15 கல் குறைகிறது. கண்ணாடித் தகட்டின் மேல் கையால் வண்ணம் ஊற்றிச் செய்யும் கல் அது. பிறகு ஊற்றி வாங்கும் 15 கல்லும் அதே நிறத்தில் அமைவது அபூர்வம்.

வரைபடம் மில்லிமீட்டரில் வந்தால் அங்குலத்தை 25.4 ஆல் பெருக்க வேண்டும். 25 போதும் என்று விட்டால் 7 அடி வாசல் நிலை (84 அங்குலம்) 2,134க்குப் பதில் 2,100 மி.மீ. ஆகும். மரத்தை அறுத்த பிறகு அந்த 34 மி.மீ.யை எங்கே போய்த் தேடுவது?

நேரத்திலும் இதே புள்ளிதான். ஜேசிபி 2 மணி 20 நிமிடம் ஓடியது, மணிக்கு 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2×60+20=140 நிமிடம்; நிமிடத்துக்கு 20 வீதம் 2,800 ரூபாய். கால்குலேட்டரில் 2.20×1,200 என்று தட்டினால் 2,640.

நிலை வைக்கப் பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்கு ஒன்று. உதயத்திலிருந்து 5.15 நாழிகை என்றால் 5 நாழிகை 15 விநாடி. நாழிகைக்கு 24 நிமிடம்: 5×24=120. பஞ்சாங்க விநாடிக்கு 24 நொடி: 15×24=360 நொடி, 6 நிமிடம். மொத்தம் 126 நிமிடம். அன்று உதயம் 6.10 என்றால் நேரம் 8.16. பலர் உதயம் பார்க்காமல் 6 மணியிலிருந்தே கூட்டிவிட்டு, 8.06க்கே நிலையைத் தூக்கிவிடுகிறார்கள்.