மௌனமாகிப்போன டேக் என்ன சொல்கிறது?

பிரிட்டனில் முதுகில் டேக் (ரேடியோத் துடிப்பு அனுப்பும் சிறு கண்காணிப்புக் கருவி) கட்டிவிடப்பட்ட ஒரு பருந்து காணாமல் போன செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். “உடல் கிடைக்கவில்லை. சாட்சியும் இல்லை. பிறகு எப்படிக் கொன்றுவிட்டார்கள் என்கிறார்கள்? கருவி பழுதாகியிருக்கக் கூடாதா?” நியாயமான சந்தேகம்தான். பதில் சொல்ல எனக்கும் ஆசை. அதில் எனக்குப் பிடித்த ஓர் இயற்பியல் ஒளிந்திருக்கிறது.

முதலில் கதைச் சுருக்கம். வடக்கு இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஹீத்தர் புதர் மண்டிய மேட்டுநிலங்கள் உண்டு. அங்கே ரெட் கிரவுஸ் என்ற, கௌதாரியின் உறவுக்காரப் பறவையைப் பெருக்கி, ஆண்டுதோறும் ஆகஸ்ட் 12 முதல் காசு வாங்கிக்கொண்டு சுடவிடுகிறார்கள். ஹென் ஹாரியர் என்னும் பூனைப்பருந்து கிரவுஸ் குஞ்சுகளைத் தின்னும். தின்னாது என்று வாதிடுவதில் பயனில்லை. ஸ்காட்லாந்தின் லாங்ஹோமில் 1992 முதல் 1997 வரை நடந்த ஆய்வில், தொந்தரவு செய்யாமல் விட்ட பருந்துகள் பெருகின, கிரவுஸ் வேட்டை படுத்தது. பருந்துக்கு வேறு இரை வைத்தால் கிரவுஸ் குஞ்சுகள் பெருமளவு தப்பும் என்பதும் அதே இடத்தில் தெரிந்தது. ஆனால் தோட்டா மலிவு. 1954-லும் 1981-லும் வந்த சட்டங்கள் இந்தப் பறவைகளைக் காக்கின்றன. அப்படியிருந்தும் 2013-ஆம் ஆண்டு இங்கிலாந்து முழுவதிலும் ஒரு ஹென் ஹாரியர் கூடுகூட வெற்றிகரமாகக் குஞ்சு வளர்த்து அனுப்பவில்லை.

இனி டேக். ஆண் ஹென் ஹாரியரின் எடை சுமார் 350 கிராம். பறவையின் எடையில் 3 சதவீதத்துக்கு மேல் சுமை ஏற்றக் கூடாது என்பது வழக்கம். ஆகவே பத்து கிராமுக்குள் மின்கலம், சூரியத்தகடு, ஆன்டெனா, உணரிகள் எல்லாம் அடங்க வேண்டும். சிறிய ஜிபிஎஸ் டேக்குகள் இப்போது வந்துவிட்டன. இந்த ஆய்வுகள் தொடங்கிய காலத்தில் இவ்வளவு சிறிய உடலுக்கு அது தோதுப்படவில்லை. அதனால் டேக்குக்குத் தன் இடம் தெரியாது. ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு நொடிகூட நீடிக்காத ரேடியோத் துடிப்பு ஒன்றை 401.65 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும், அவ்வளவுதான். இடத்தைக் கண்டுபிடிப்பது 1978-இல் தொடங்கிய ஆர்கோஸ் என்ற ஏற்பாட்டின் வேலை. துருவத்துக்குத் துருவம் சுற்றும் செயற்கைக்கோள்கள் சுமார் 850 கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு 7 கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்தபடி அந்தத் துடிப்பைக் கேட்கின்றன.

கேட்டால் போதுமா? தாம்பாளம் போன்ற பெரிய ஆன்டெனாவைத் திருப்பித் திசை பார்ப்பதில்லை. ரயில் நெருங்கும்போது ஊதல் கீச்சென்றும், கடந்து போனதும் கனத்தும் கேட்குமே, பள்ளியில் படித்த அந்த டாப்ளர் விளைவுதான் இங்கேயும். செயற்கைக்கோள் நெருங்கும்போது துடிப்பின் அதிர்வெண் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும், விலகும்போது குறைவாக. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அதிகபட்ச வித்தியாசம் 9,000 ஹெர்ட்ஸை நெருங்குகிறது. நாற்பது கோடி ஹெர்ட்ஸில் இது ஒரு துளி. ஆனால் அந்தத் துளியை அளக்க முடியும்.

பத்து நிமிடங்களில் செயற்கைக்கோள் வானைக் கடந்துவிடும். அதற்குள் கிடைத்த துடிப்புகளை வரைபடமாக இட்டால் மேலிருந்து கீழே சரியும் ஒரு வளைகோடு வரும். கோடு மிகச் செங்குத்தாக விழும் கணம்தான் செயற்கைக்கோள் பறவைக்கு மிக அருகில் இருந்த கணம். பாதையில் எந்த இடம் என்பது ஆயிற்று. பாதையிலிருந்து எவ்வளவு தள்ளி? அதைச் சரிவு சொல்லும். பறவை ஏறக்குறைய நேர் கீழே இருந்தால் கோடு செங்குத்தாக விழும். பக்கவாட்டில் வெகுதூரம் தள்ளியிருந்தால் சோம்பலாகச் சாயும். தண்டவாளத்தை ஒட்டி நின்றால் ஊதலின் சுருதி சட்டென்று இறங்கும், தொலைவில் நின்றால் மெல்ல மெல்ல இறங்கும். கண்ணைக் கட்டிக்கொண்டே ரயில் எவ்வளவு தூரத்தில் போனது என்று சொல்லிவிடலாம். ஒரு சிக்கல் மட்டும்: பாதைக்கு இடப்புறமா வலப்புறமா? இரண்டு பக்கத்துக்கும் ஒரே வளைகோடு. பூமி தன்னைத்தானே சுற்றுவதால் இரண்டுக்கும் நூலிழை வேறுபாடு வரும்; போதாவிட்டால் முந்தைய இடமும் அடுத்த சுற்றும் கைகொடுக்கும். 1957-இல் ஸ்புட்னிக் ஒலியை அமெரிக்காவில் கேட்டுக்கொண்டிருந்த இரண்டு இளம் இயற்பியலாளர்கள், சரியும் சுருதியை வைத்து அது போகும் பாதையையே கணக்கிட்டுவிட்டார்கள். அதே கணக்கைத் தலைகீழாகப் போட்டுத்தான் இன்று பருந்தைத் தேடுகிறோம்.

இப்போது வாசகரின் சந்தேகத்துக்கு வருகிறேன். டேக் இடத்தை மட்டும் தெரிவிப்பதில்லை. மின்னழுத்தம், வெப்பநிலை, பறவை அசைகிறதா என்பதையும் அனுப்புகிறது. பருந்து நோயாலோ பசியாலோ செத்தால் அசைவு நிற்கும், சூடு தணியும், இடம் மாறாது; ஆனால் டேக் விடாமல் பேசிக்கொண்டே இருக்கும். தேடிப் போனால் உடல் கிடைக்கும். மின்கலம் தளர்ந்தால் அதுவும் முன்கூட்டியே எண்களில் தெரியும். முந்தைய நாள்வரை எல்லா எண்களும் திடமாக இருந்து, திடீரென்று ஒன்றுமே இல்லை என்றால்தான் வயிற்றில் புளி கரைக்கிறது. பறவையைச் சுட்டவர் டேக்கையும் உடைத்திருப்பாரோ?

ஒரே ஒரு பறவையை வைத்து அப்படிச் சொல்ல மாட்டேன். பழுதான கருவிக்கு நிலப்படம் தெரியாது என்பதுதான் இங்கே முக்கியம். பழுது என்றால் அது கடற்கரையிலும் நடக்கும், காட்டிலும் நடக்கும், வயலிலும் நடக்கும். 2007 முதல் 2017 வரை டேக் கட்டிய 58 ஹென் ஹாரியர்களை ஆராய்ந்து 2019-இல் வெளியான கட்டுரை, ஒவ்வொன்றின் கடைசி வாரத்தையும் நிலத்தோடு ஒப்பிட்டது. கிரவுஸ் நிலம் நிறைந்த பகுதிகளில் சாவோ காணாமல் போவதோ, அந்நிலமே இல்லாத பகுதிகளைவிடப் பத்து மடங்கு. 72 சதவீதப் பறவைகள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டது உறுதி, அல்லது பெரும்பாலும் அப்படியே என்று முடிவு கூறியது. தரவு சேர்க்கப் பணம் ஒதுக்குகிறவர்கள், அதை உட்கார்ந்து படிக்க ஒதுக்குவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். பத்தாண்டு மௌனம் ஒருவர் வரிசைப்படுத்திப் பார்க்கும்வரை வெறும் மௌனமாகவே கிடந்தது.

சில நேரம் கணக்குப் பிசகி உண்மை கையில் விழும். 2011-இல் இங்கிலாந்தின் பௌலண்டில் டேக் கட்டப்பட்ட பெட்டி (Betty) என்ற பெண் பருந்து 2012-இல் யார்க்‌ஷயரில் செத்துக் கிடந்தது. டேக் நிற்கவில்லை, அதனால் உடல் கிடைத்தது. எக்ஸ்ரேயில் உடைந்த கால் எலும்பில் ஈயத்துணுக்கு ஒன்று தெரிந்தது. குண்டடி பட்டும் பறந்து தப்பி வேறெங்கோ விழுந்திருக்கிறது. சுட்டவர் கைக்கு டேக் சிக்கவில்லை.

தொலைக்காட்சிக்கு இதில் என்ன வேலை? 1959-இல் ஸ்காட்லாந்தின் லாக் கார்ட்டனில், முட்டைத் திருடர்களிடமிருந்து விராலடிப்பான் கூட்டைக் காக்க ஊரையே கூப்பிட்டுக் காட்டினார்கள். அந்த ஆண்டு 14,000 பேர் வந்து பார்த்தார்கள். இத்தனை கண்களுக்கு நடுவே திருடுவது கடினம். 2005-இல் பிபிசி தொடங்கிய ஸ்பிரிங்வாட்ச் போன்ற நேரலைகள் செய்வதும் அதைத்தான், லட்சக்கணக்கான கண்களோடு. பெயர் வைத்த குஞ்சுக்கு அழ ஆள் இருக்கிறது. ஆனால் கேமராவுக்கு ஒரு பலவீனம் உண்டு: இருப்பதை மட்டுமே அது காட்டும். பருந்து பறக்காத வெற்று மேட்டுநிலம் திரையில் எவ்வளவு அழகாக இருக்கிறது! ஹீத்தர் பூத்துக் கிடக்கும் அந்த ஊதாவைப் பார்த்து, இங்கே எது இல்லை என்று யார் கேட்பார்கள்? நிலப்படத்தில் கறுப்புப் புள்ளிகளாக முடிந்துபோன பாதைகளை ஐந்து நிமிடம் காட்டும் நிகழ்ச்சி, கூட்டுக்குள் கேமரா வைக்கும் பத்து நிகழ்ச்சிகளுக்குச் சமம் என்பேன்.

படம் இருந்தாலும் போதவில்லை. 2013-இல் ஸ்காட்லாந்தில் ஒரு ஹென் ஹாரியர் சுடப்படுவதைப் பறவைப் பாதுகாப்புச் சங்கத்தின் கேமரா பதிவு செய்தது. அந்தப் படத்தைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று சொல்லி 2017-இல் அரசுத் தரப்பு வழக்கைக் கைவிட்டது. ஊர் முழுக்கப் பார்த்த படத்தை நீதிபதி மட்டும் பார்க்கவில்லை. தனிக் குற்றவாளியைப் பிடிப்பது இவ்வளவு கடினம் என்பதால்தான் ஸ்காட்லாந்து 2024-இல் சட்டமியற்றி, கிரவுஸ் வேட்டைக்கே உரிமம் வேண்டும் என்றாக்கியது. நிலத்தில் குற்றம் நடந்தால் உரிமம் போகலாம்.

கருவி பழுது என்ற வாதத்தை நம்ப விரும்புகிறவர்களிடம் நான் சொல்வது ஒரு பொருளைப் பற்றி. 2016-இல் ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்பிரானில் ஒரு பொன்னிறக் கழுகு காணாமல் போனது. 2020-இல் பிரான் ஆற்றங்கரையில் நடந்து போனவர்களின் கண்ணில் ஒரு சிறு பொட்டலம் பட்டது. பிரித்தால் உள்ளே அந்தக் கழுகின் டேக். தோள்வார் வெட்டப்பட்டிருந்தது. சுற்றியிருந்தது ஈயத்தகடு, ரேடியோ அலை வெளியே கசியாதபடி.