மாதவிலக்கு நின்ற பிறகும் ஹார்மோன் மாத்திரை எதற்கு?

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து ஹார்மோனைத் தடுக்கும் லெட்ரோசோல் மாத்திரையை எழுதிக் கொடுக்கும்போது, அறுபதைத் தாண்டிய அம்மாக்கள் பலர் கேட்பது இதுதான்: “மாதவிலக்கு நின்னு பத்துப் பதினஞ்சு வருஷம் ஆச்சே டாக்டர், என் உடம்புல இனிமே ஏது ஹார்மோன்?”

நியாயமான கேள்வி. சூலகம் ஓய்ந்துவிட்டது உண்மைதான். ஆனால் இந்தப் புற்றுநோயை வளர்க்கும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனின் உற்பத்தி முழுதாக ஓய்வதில்லை. அட்ரினல் சுரப்பி தரும் ஆண் ஹார்மோன்களை, கொழுப்புத் திசுவில் இருக்கும் அரோமட்டேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோன் என்ற ஒரு வகை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. அதில் பெரும்பகுதி ஈஸ்ட்ரோன் சல்ஃபேட்டாக ரத்தத்தில் சுற்றுகிறது. இந்த வடிவத்தில் அது, செல்லில் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் இடமான ஏற்பியில் ஒட்டாது. பூட்டி வைத்த சரக்கு மாதிரி.

பூட்டைத் திறப்பது புற்றுநோய்ச் செல்லேதான். அதனுள் இருக்கும் ஸ்டீராய்டு சல்ஃபடேஸ், எஸ்டர் என்ற வேதிப் பிணைப்பை வெட்டும் நொதி. சல்ஃபேட்டை அது கழற்றிவிட, இன்னொரு நொதி ஈஸ்ட்ரோனை வீரியம் மிக்க ஈஸ்ட்ரடையோலாக மாற்றிவிடும். ஈஸ்ட்ரடையோலைக் கொழுப்பு அமிலத்தோடு சேர்த்துச் சேமித்து, வேண்டும்போது எஸ்டரேஸ் நொதிகளால் பிரித்தெடுக்கும் வழியும் உண்டு. 1970இல் அமெரிக்காவில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்து, இன்றும் ஆய்வகங்களில் வளர்க்கப்படும் எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் இப்படிச் சேமிப்பதைப் பார்த்திருக்கிறார்கள்.

இதனால்தான் மாதவிலக்கு நின்றவர்களின் கட்டிக்குள் ஈஸ்ட்ரடையோல் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கிறது. சிலர் தாங்களாகவே லேபில் ஹார்மோன் டெஸ்ட் எடுத்து, “ரொம்பக் குறைவா இருக்கு, மாத்திரையை நிறுத்திடலாமா?” என்று வருகிறார்கள். அந்த எண்ணை வைத்து மாத்திரையை நிறுத்த முடியாது. பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘இஆர் பாசிட்டிவ்’, அதாவது கட்டியில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உண்டு என்று இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

சல்ஃபடேஸையே அடைக்கும் ஐரோசுஸ்டாட் போன்ற மருந்துகளை நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சைக்கு இன்னும் வரவில்லை. இப்போது கையில் முக்கியமாக இருக்கும் மாத்திரைகள் இரண்டு வகை. லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்றவை அரோமட்டேஸைத் தடுத்துச் சரக்கு வரத்தையே குறைக்கும். டமாக்சிஃபென், ஈஸ்ட்ரோஜனுக்கு இடம் விடாமல் ஏற்பியில் தானே போய் உட்கார்ந்துகொள்ளும்.

குறைந்தது ஐந்து ஆண்டு சாப்பிட வேண்டும். இந்த வகை நோய் பத்து ஆண்டு கழித்தும் திரும்பக்கூடியது. ஆனால் லெட்ரோசோலில் விரல் மூட்டும் முழங்காலும் காலையில் பிடித்துக்கொள்ளும். பலர் மாத்திரையைச் சத்தமில்லாமல் நிறுத்துவது இங்கேதான். செக்கப்புக்கு வரும்போது அட்டையில் பாதி அப்படியே இருக்கும், கேட்டால் “சாப்பிடுறேனே” என்பார்கள். திட்டுவேன் என்று பயம் போல! வலியை மறைக்காமல் சொன்னால் அதே வகையில் வேறு மாத்திரைக்கு மாற்றலாம், நடைப்பயிற்சியும் உதவும். எலும்பு தேய்வதால், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்து, கால்சியமும் வைட்டமின் டியும் சேர்ப்போம்.

டமாக்சிஃபென் சாப்பிடுபவருக்கு மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தக்கசிவு வந்தாலோ, ஒரு கால் மட்டும் திடீரென வீங்கினாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் உடனே வர வேண்டும். மனச்சோர்வுக்கு வேறு டாக்டரிடம் போனால் டமாக்சிஃபென் அட்டையையும் காட்டுங்கள். பராக்ஸெடின், ஃப்ளூஆக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரைகள் இரண்டும் டமாக்சிஃபென் உடலில் செயல்படும் வடிவத்துக்கு மாறுவதைத் தடுக்கும்.