இம்மர்சிவ் இன்ஸ்டலேஷன் – தோய்வு நிறுவல்

பார்வையாளரைப் படமும் ஒலியும் சூழ்ந்துகொள்ளும்படி அமைக்கும் கலைப்படைப்பே இம்மர்சிவ் இன்ஸ்டலேஷன். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'இம்மர்சிவ்' என்ற சொல்லின் வேர் 'மெர்கெரே' என்னும் லத்தீன் வினை. நீரில் முக்குதல் என்று பொருள். 'இன்ஸ்டலேஷன்' தேவாலயத்திலிருந்து வந்தது. இடைக்கால லத்தீனில் 'ஸ்டாலும்' என்றால் இருக்கை. குருவை அவருக்குரிய இருக்கையில் அமர்த்துவதே 'இன்ஸ்டாலாரே'. கலை இதை எடுத்துக்கொண்டது 20ஆம் நூற்றாண்டில்தான்.

'நிறுவல்' தமிழில் நிலைத்துவிட்டது, மாற்ற வேண்டாம். சிக்கல் முதல் சொல்லில்தான். 'மூழ்கு' என்றதும் கடனும் கப்பலும் நினைவுக்கு வருகின்றன. 'ஆழ்நிறுவல்' மண்ணுக்குள் எதையோ புதைத்ததுபோல் ஒலிக்கிறது. 'இசையில் தோய்ந்தவர்' என்கிறோமே, அந்தத் 'தோய்' சரியாகப் பொருந்துகிறது: நனைதல், படிதல், மனம் ஒன்றுதல் எல்லாம் அதில் உண்டு. யாழ்ப்பாணத்தில் தோய்வது என்றாலே தலையோடு குளிப்பதுதான். எனவே தோய்வு நிறுவல்.

இத்தாலிய ஓவியர் வெரோனேசே 1563இல் முடித்த, விவிலியத் திருமண விருந்தைக் காட்டும் 'கானாவூர்த் திருமணம்' வெனிஸில் சான் ஜோர்ஜோ மஜோரே மடத்தின் உணவுக்கூடத்துக்காக வரையப்பட்டது. 6.77 மீட்டர் உயரம், 9.94 மீட்டர் அகலம். 1797இல் நெப்போலியனின் படை அதை எடுத்துச் சென்றது. இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2007இல் அதே அளவில் ஒரு நகல் பழைய சுவருக்குத் திரும்பியது. 2009இல் பிரிட்டிஷ் திரைப்பட இயக்குநர் பீட்டர் கிரீனவே அந்த நகலின் மீதே ஒளிப்படிமங்களை வீழ்த்தி, ஓவியத்திலுள்ள விருந்தினர்களைப் பேச வைத்தார். ஓவியம் எந்தக் கூடத்துக்காகப் பிறந்ததோ அங்கேயே நின்று பார்த்ததால் 'தோய்வு' முழுப்பொருள் பெற்றது. படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் ஓட்டுவது வெறும் திரையிடல், இதுவோ மறுவாசிப்பு.

இந்த அளவுச் சுவரில் தவறு எளிதில் நேரும். அகலவாக்கில் 1920 படப்புள்ளிகள் (பிக்சல்கள்) கொண்ட ஒரே புரொஜெக்டரால் நிரப்பினால் ஒரு புள்ளி 5 மி.மீ.க்கு மேல் வரும். கூர்பார்வை உள்ளவருக்கு அது மறைய ஏறத்தாழ 18 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அவ்வளவு தள்ளி நின்றால் தோய்வது எப்படி? அதனால் பல புரொஜெக்டர்களை வைத்து, அடுத்தடுத்த படங்களின் ஓரங்களை 15 முதல் 20 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டு, அங்கே ஒளியைப் படிப்படியாகக் குறைப்பார்கள். ஆனால் எந்தப் புரொஜெக்டரும் முழுக் கருமையைத் தராது. இருண்ட காட்சிகளில் இரண்டின் ஒளிக்கசிவும் கூடி, படிந்த பகுதி சாம்பல் பட்டையாகத் தெரியும். மற்றப் பகுதிகளின் கருமையையும் சற்று உயர்த்திச் சமன்செய்வதுதான் வழி. ஓவியத்தின் மீதே ஒளி வீழ்த்தும்போது 1 செ.மீ. நகர்ந்தாலும் முகங்களுக்கு இரட்டை விளிம்பு வந்துவிடும். வில்லைகள் சூடேறும்போது படம் நகரும் என்பதால், கருவிகளை அரைமணி நேரமாவது ஓடவிட்ட பிறகே படத்தை ஓவியத்தோடு பொருத்த வேண்டும்.