சைட்கார்: பக்கவண்டியும் பூட்டுவண்டியும்

மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் இணைக்கும் ஒற்றைச் சக்கர வண்டிதான் சைட்கார். ‘சைட்’ என்றால் பக்கம். ‘கார்’ என்பது மோட்டார் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வண்டியைக் குறித்த சொல். கெல்டிக் மொழியிலிருந்து லத்தீனுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டு அயர்லாந்தில், பயணிகள் பக்கவாட்டில் திரும்பி உட்காரும் குதிரைவண்டிக்கு ‘சைட்கார்’ என்ற பெயர் இருந்தது. மோட்டார் சைக்கிளோடு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது அப்புறம்தான்.

தமிழில் ‘பக்கவண்டி’ என்றால் யாருக்கும் புரியும். ஆனால் பந்தயத்துக்கு அது போதாது. மோட்டார் சைக்கிளும் பக்கவண்டியும் சேர்ந்த முழு வண்டியையும் பந்தயக்காரர்கள் ஆங்கிலத்தில் ‘அவுட்ஃபிட்’ என்கிறார்கள். பயணத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் சேர்த்துத் தயார்செய்வது என்பது அதன் பழைய பொருள். நமக்கு ‘வண்டி பூட்டுவது’ என்ற அருமையான வழக்கு இருக்கிறதே! ‘பூட்டுவண்டி’ என்றே சொல்லலாம் என்பது என் கருத்து. பக்கவண்டியில் வருபவருக்கும் ஒரு சொல் வேண்டும். 1949இல் முதல் சைட்கார் உலகப் பட்டத்தை நார்ட்டன் மோட்டார் சைக்கிளில் வென்ற எரிக் ஆலிவருடன், பக்கவண்டியில் டெனிஸ் ஜென்கின்சன் இருந்தார். இப்படிப்பட்டவரைப் ‘பயணி’ என்பது சரியில்லை. ஒரு வளைவில் பக்கவண்டிக்கு வெளியே தொங்கியும், அடுத்ததில் பின்சக்கரத்தின் மேல் சாய்ந்தும் உழைக்கிறவர் அவர். ‘துணையோட்டி’ பொருந்தும்.

‘பூட்டு’ என்ற சொல்லில் எஞ்சினின் சிக்கலும் அடங்கியிருக்கிறது. தனி மோட்டார் சைக்கிள் வளைவில் சாய்வதால் ஆயில் தொட்டியின் அடியிலேயே நிற்கும். பூட்டிய வண்டி சாயாது. ஆயில்தான் ஒரு பக்கமாக ஒதுங்கும். நீண்ட வளைவில் ஆயில் பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சினால், சில நொடிகளிலேயே பேரிங் தேயத் தொடங்கிவிடும். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோலும் இப்படியே ஒதுங்கி, எஞ்சின் திணறும். பழைய எஞ்சினை நம்பகமாக்க நினைப்பவர்கள் பிஸ்டனிலும் கேம்ஷாஃப்டிலும் பணத்தைக் கொட்டுவதற்கு முன், ஆயில் ஒதுங்காமல் இருக்க ஆயில் தொட்டிக்குள் தடுப்புத் தகடு வைக்க வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். கூடுதல் எடையை இழுப்பதால் சூடும் ஏறும். பின்னால் பெரிய பல்சக்கரம் போட்டால் எஞ்சின் திணறாமல் இழுக்கும்.

பக்கவண்டி, பூட்டுவண்டி என்ற இரண்டு சொற்களையும் வைத்துக்கொள்வது நல்லது. மோட்டார் சைக்கிளோடு பக்கவண்டியை இணைக்கும் தண்டில் விரிசல் என்றால் பக்கவண்டியைப் பார்க்கலாம். ஓடும்போது ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் பூட்டுவண்டி முழுவதையும் சமதளத்தில் நிறுத்தி, மூன்று சக்கரங்களின் நேரையும் அளக்க வேண்டும்.