புதிய ஆலோசகரிடம் தற்கொலை எண்ணத்தைச் சொல்லத் தயங்குபவர்களுக்கு

முதல் சந்திப்பில் தற்கொலை எண்ணம் உண்டா என்று எல்லோரிடமும் நேரடியாகவே கேட்பது என் வழக்கம். "அப்படியெல்லாம் ஒன்றுமில்லை" என்று சொன்னவர்களில் சிலர், பல வாரங்கள் கழிந்த பிறகு, அந்த எண்ணம் அன்றைக்கே இருந்ததாகச் சொல்வதுண்டு. மறைத்ததற்கான காரணம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: சொன்னால் கட்டாயமாக மருத்துவமனையில் சேர்த்துவிடுவார்களோ என்ற பயம். ஆலோசகரிடம் இவ்வெண்ணத்தை மறைத்த 66 பேரிடம் பிளான்சார்ட், ஃபார்பர் என்ற ஆய்வாளர்கள் நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்விலும் பத்தில் ஏழு பேர், சொன்னால் தங்கள் வாழ்க்கையில் வேண்டாத விளைவுகள் வருமோ என்ற பயத்தைக் குறிப்பிட்டிருந்தார்கள்; அவ்விளைவுகளில் முதன்மையானது கட்டாயமாக மருத்துவமனையில் சேர்க்கப்படுவதுதான்.

இந்தப் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், "இரவு தூங்கினால் காலையில் கண் விழிக்காமலே போனால் தேவலை" என்று தோன்றுவதற்கும், எப்படி, எப்போது என்று முடிவெடுத்துவிட்ட நிலைக்கும் இடையே பெரிய தூரம் இருப்பதைப் பயிற்சி பெற்ற ஆலோசகர் அறிவார். எண்ணம் எவ்வளவு அடிக்கடி வருகிறது, திட்டம் ஏதும் உண்டா, முன்பு முயன்றதுண்டா, எது உங்களைத் தடுத்து நிறுத்துகிறது என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்பது அந்தத் தூரத்தை அளப்பதற்காகவே. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்து, வேறு வழியில் பாதுகாக்க முடியாது என்ற நிலையில்தான் பிறருக்குத் தெரிவிப்பதும் மருத்துவமனையில் சேர்ப்பதும் பொதுவாக எழுகின்றன. விதிகள் இடத்துக்கு இடம் மாறும் என்பதால், "எதைச் சொன்னால் நீங்கள் பிறரிடம் தெரிவிக்க வேண்டியிருக்கும்?" என்று பேச்சைத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். எந்த நல்ல ஆலோசகரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அந்த எண்ணத்தின்படி செய்துவிடுவோமோ என்ற நிலையில் இப்போது இருப்பவர்கள் அடுத்த சந்திப்புக்காகக் காத்திருக்கக் கூடாது. அவசர உதவி எண்ணையோ அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவையோ நாடுங்கள், நம்பகமான ஒருவரை உடன் இருக்கச் சொல்லுங்கள்.

உண்மையைச் சொன்ன பிறகு நடப்பது பெரும்பாலும் பாதுகாப்புத் திட்டம் ஒன்றைச் சேர்ந்து எழுதுவதுதான். பார்பரா ஸ்டான்லி, கிரிகரி பிரவுன் என்ற உளவியலாளர்கள் இருவரும் உருவாக்கிய முறை இது. எண்ணம் வலுப்பதற்கான அறிகுறிகள், தனியாகச் சமாளிக்க உதவுபவை, அழைக்கக்கூடிய மனிதர்கள், ஆபத்தானவற்றை எட்டாத தொலைவில் வைப்பது ஆகியவை அதில் இடம்பெறும். இத்திட்டத்துடன் தொலைபேசி விசாரிப்பும் கிடைத்த அவசரப் பிரிவு நோயாளிகளிடம், அடுத்த 6 மாதங்களில் தற்கொலை சார்ந்த செயல்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்ததை 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. மறைத்தவருக்கு இந்த உதவி கிடைக்க வழியே இல்லை.

ஆண்டுக்கணக்கில் இவ்வெண்ணத்தோடு வாழ்பவர்கள், ஆலோசகர் மாறும்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லும் சலிப்பிலேயே விட்டுவிடுகிறார்கள். முழுக் கதையும் ஒரே நாளில் தேவையில்லை. எனக்கு வழக்கமாக இருப்பது இந்த அளவு, இதைத் தாண்டினால் ஆபத்து என்று பிரித்துச் சொன்னாலே புதியவர் நிலைமையைப் புரிந்துகொள்வார். வாய்விட்டுச் சொல்ல வராவிட்டால் எழுதிக் கொடுங்கள். முந்தைய ஆலோசகரின் குறிப்புகளை அனுப்பச் சம்மதம் தருவதும் பலருக்குச் சுமையைக் குறைத்திருக்கிறது. அப்படியும் கேட்பவர் பதறினாலோ, கடிந்துகொண்டாலோ, பேச்சை மாற்றினாலோ, குறை உங்கள் நேர்மையில் இல்லை. வேறு ஒருவரைத் தேட உங்களுக்கு முழு உரிமை உண்டு, அவரிடமும் இதையே சொல்லுங்கள்.