மதகை ஒரேயடியாக அடைக்காதீர்கள்

“ஏனுங்க சார், நெல்லுக்கே தண்ணி பத்தல. இதுல மீனுக்கு வேற விடோணுமுங்களா?”

எடப்பாடிப் பக்கம் நடந்த விவசாயிகள் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் இப்படிக் கேட்டார். மீன்வளம் படித்து, ஏரி மீன், ஆற்று மீன் வேலையிலேயே காலம் தள்ளும் எனக்கு இது பழகிய கேள்வி. நியாயமான கேள்வியும்கூட. 2007இல் காவிரி நடுவர் மன்றம் 740 டிஎம்சியைப் பங்கிட்டபோது சுற்றுச்சூழலுக்கு என்று வைத்தது 10 டிஎம்சி. நூற்றுக்கு ஒன்றரைகூட வரவில்லை. விவசாயியிடம் போய் இன்னும் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்க எனக்கும் வாய் வராது. நான் கேட்பது வேறு. தண்ணீரை நிறுத்தும்போது மெதுவாக நிறுத்துங்கள்.

இதை எனக்குப் புரியவைத்தது சேலம் மாவட்டத்துச் சரபங்கா ஆற்றில் ஒரு தடுப்பணை. சேர்வராயன் மலையில் மழை பிடித்துப் புதுத்தண்ணி இறங்கினால், கெண்டைகள் எதிர்நீச்சல் போட்டு ஆற்றின் மேல்பக்கம் ஏறும். ஊரில் ஏத்துமீன் என்பார்கள். முட்டையிடத்தான் அந்தப் பயணம். அன்றைக்கு வெள்ளம் வடிகிறது என்று தெரிந்ததும் ராத்திரியோடு ராத்திரியாக ஷட்டரை முழுசாக இறக்கிவிட்டார்கள். தண்ணீரைப் பிடித்து வைக்க வேண்டும் என்ற அக்கறைதான், வேறொன்றுமில்லை.

விடிகாலை நான் போனபோது கீழே ஆறு இல்லை, குழிகள்தான் இருந்தன. மணல் அள்ளிய பள்ளமும் பாறைச் சந்துமாக, ஒன்றோடொன்று தொடர்பில்லாத குட்டைகள். ஒரு குட்டை கட்டில் அகலம்தான் இருக்கும். அதற்குள் சினைக் கெண்டைகள் நெருக்கியடித்துக்கொண்டு, தலையை மேலே நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்றை எடுத்தேன். வயிற்றை லேசாகத் தொட்டதும் உள்ளங்கையில் முட்டை வழிந்தது. அதே குட்டையில் இரண்டு விரால் மட்டும் பதறாமல் கிடந்தன. விரால் மேலே வந்து காற்றை விழுங்கிச் சமாளித்துக்கொள்ளும். கெண்டைக்குத் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன்தான் கதி. அது லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் நிம்மதி, 3க்குக் கீழே போனால் திணறல். ராத்திரி முழுக்கப் பாசியும் மூச்சு விட்டு ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் விடிவதற்குச் சற்றுமுன்தான் ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு இறங்கும். ஆகவே ராத்திரியில் அடைப்பது மீனுக்கு இரட்டை அடி.

படிப்படியாக அடைத்தால் எவ்வளவு தண்ணீர் போகும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விநாடிக்கு 200 கன அடி ஓடும் இடத்தில் காலையில் தொடங்கி 8 மணி நேரத்தில் சீராகக் குறைத்துக்கொண்டே வந்தால், சட்டென்று அடைப்பதைவிடக் கூடுதலாகப் போவது சுமார் 29 லட்சம் கன அடி. ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி. அந்த 29 லட்சமும் வீணாவதில்லை, அடுத்த தடுப்பணையில் போய் நிற்கும். மட்டம் மெல்லத் தாழ்வது தெரிந்ததும் மீனும் ஆழம் தேடி இறங்கிவிடும்.

அந்தக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, பின்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற லஸ்கர் (மதகைத் திறந்து அடைக்கும் பணியாளர்) ஒருவர் எழுந்தார். “வாய்க்காலையும் நாங்க அப்படித்தான் அடைப்போமுங்க. திடுதிப்புனு வத்த விட்டா கரை சரிஞ்சுரும்.” உண்மைதான். தண்ணீரில் ஊறிய கரைக்கு எதிர்ப்பக்கத் தாங்கல் சட்டென்று போனால், உள்ளே இருக்கும் ஈரமே கரையைத் தள்ளிவிடும். மேட்டூர் கிழக்கு, மேற்குக் கரை வாய்க்கால்களை நம்பி 45,000 ஏக்கர் இருக்கிறது. கரையைக் காக்க நாம் ஏற்கெனவே பழகிய வேலை இது. அதையே ஆற்றிலும் செய்தால் மீன் பிழைக்கும்.

மேலே ஏற்காட்டில் காப்பி பூக்கும் பருவத்தில் செடிக்குத் தண்ணீர் பாய்ச்ச ஓடையில் மோட்டார் வைக்கிறவர்களுக்கும் ஒன்று: மடுவை, அதாவது ஓடையின் ஆழமான பள்ளத்தை, அடி தெரியுமட்டும் உறிஞ்சாதீர்கள். ஓடை மீன் கோடையைக் கழிப்பது அந்த ஒரு மடுவில்தான்.

அப்புறம், ஏரி மீன் குத்தகைக்காரர்கள். கடைசி மீனையும் பிடிக்க சித்திரை, வைகாசியில் ஆயில் இன்ஜின் வைத்துச் சேறு தெரிய இறைப்பதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். இதில் எனக்குச் சமாதானமே கிடையாது. கெளுத்தி, குரவை, அயிரை இவையெல்லாம் யாரும் காசு கொடுத்துக் குஞ்சு வாங்கி விடாமலே வருகிற மீன்கள். ஏரியின் ஆழமான மூலையில் இடுப்பளவுக் குழி ஒன்றை வெட்டி, அதை மட்டும் இறைக்காமல் விட்டால் அடுத்த மழைக்கு அவை தாமாகவே பெருகும். குத்தகை ஏலம் விடும்போதே ஊராட்சி இதை ஒரு நிபந்தனையாக எழுதிவிடலாம்.

இன்னொரு வேலைக்குச் செலவே கிடையாது. ஷட்டர் இறக்கப் போகும் நாளை முந்தின நாளே கீழ்ப்பக்கத்து மீனவர்களுக்குப் போனில் சொல்லிவிடுங்கள். குட்டையில் மாட்டியதை வலையால் அள்ளி ஆழத்தில் விட நான்கு பேர் போதும், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவார்கள். அன்றைக்கு அந்தக் கட்டில் அகலக் குட்டைக்கு யாராவது அரைமணி நேரம் முன்னால் வந்திருந்தாலே போதுமாக இருந்தது.