லிக்னோகைன் தெரியும், ஊசி என்றால் நடுக்கம்

நாளை பல் மருத்துவரிடம் போக வேண்டும் என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்கும்போது? டிரில் பல்லைத் தொடப்போகும் நேரத்தில்? அமெரிக்காவின் நார்மன் கோரா 1969இல் வெளியிட்ட அளவுகோலில் இந்த வகையில் நான்கே கேள்விகள். ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது! பல் சிகிச்சைப் பயத்தை அளக்கப் புறப்பட்டவர் அதை எப்படி விட்டாரோ. 1995இல் பிரிட்டனில் ஜெரி ஹம்ஃப்ரிஸ் குழுவினர், ஈறில் போடும் மரத்துப்போகும் ஊசியை ஐந்தாவது கேள்வியாகச் சேர்த்தார்கள். மொத்தம் 25 மதிப்பெண். 19ஐத் தொட்டால் கடும் பயம்.

இந்தக் கேள்வித்தாளைப் பல நாடுகளில் மருத்துவம், செவிலியம், மருந்தியல் மாணவர்களிடமும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மரத்துப்போகச் செய்யும் மருந்தான லிக்னோகைன் நரம்பின் சோடியம் வாயில்களை அடைத்து வலிச் செய்தியை நிறுத்துகிறது என்று தேர்வில் பிழையில்லாமல் எழுதுகிறவர்கள் இவர்கள். ஆனாலும் பயப்படுகிறவர்கள் இவர்களிலும் தாராளமாக இருக்கிறார்கள்.

ஏனென்றால் பயம் பாடமாகப் படித்து வருவதில்லை. அது மூன்று வழிகளில் உள்ளே வருகிறது என்று உளவியலாளர் ராக்மன் 1977இல் வகுத்தார்: நேரடியாகப் பட்ட வலி, பிறர் படும் பாட்டைப் பார்ப்பது, காதில் விழும் பேச்சு. "சும்மா இரு, இல்லாவிட்டால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்ற மிரட்டல் மூன்றாம் வகை. அது மூளையின் அமிக்டலாவில் பதிந்த பிறகு, மருந்தியல் வகுப்பு வந்து அதை அழித்துவிடாது. வலியே இல்லாத சில சந்திப்புகள் முதலில் அமைந்துவிட்டால், பின்னால் ஒருமுறை வலித்தாலும் பயம் எளிதில் வேர்விடாது. நம் ஊரில் நடப்பதோ தலைகீழ். கன்னம் வீங்கி, தூக்கம் கெட்ட பிறகுதான் முதல் சந்திப்பே.

நினைவும் நேர்மையாக நடந்துகொள்வதில்லை. பயந்தவர்களிடம் மூன்று மாதம் கழித்துக் கேட்டால், நாற்காலியில் உண்மையில் பட்ட வலியைச் சொல்லாமல், போவதற்கு முன் எதிர்பார்த்த வலிக்கு நெருக்கமாகவே சொல்கிறார்கள் என்று 1985இல் கென்ட் என்ற ஆய்வாளர் காட்டினார்.

பெரும்பாலான மரப்பு ஊசிகளில் லிக்னோகைனுடன் சிறிதளவு அட்ரினலினும் இருக்கும். 80,000இல் ஒரு பங்கு என்பது வழக்கமான அளவுகளில் ஒன்று. இரத்தக் குழாய்களைச் சுருக்கி மருந்தை அங்கேயே தங்கவைப்பது அதன் வேலை. அதில் கொஞ்சம் இரத்தத்தில் கலந்தால் ஓரிரு நிமிடம் நெஞ்சு படபடக்கும். ஏற்கெனவே நடுங்குகிறவர் அதை "எனக்கு ஏதோ ஆகிறது" என்று எடுத்துக்கொள்கிறார். படபடக்கலாம், சீக்கிரம் அடங்கிவிடும் என்று ஊசிக்கு முன்பே ஒரு வரி சொன்னால் போதும். பலர் அதைச் சொல்வதில்லை.

பயத்தால் தள்ளிப்போடுகிறவருக்கு இன்னொரு தண்டனை காத்திருக்கிறது. சொத்தை ஆழமாகிப் பல்லின் கூழ், அதாவது நரம்பு இருக்கும் உள் மென்திசு, அழற்சியடைந்தால், சுற்றியுள்ள திசு அமிலமாகிறது. அமிலத்தில் மரப்பு மருந்தின் மூலக்கூறுகளில் பெரும்பகுதி மின்னூட்டம் பெற்றுவிடுவதால், நரம்பின் உறையைக் கடந்து உள்ளே போக முடிவதில்லை. அழற்சி முற்றிய பல்லுக்கு ஊசி போட்ட பிறகும் சிலருக்கு வலி எடுப்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று. பயம், தவிர்ப்பு, கெட்டுப்போன பல், வெட்கம், மேலும் பயம் என்று 1984இல் ஆய்வாளர் பெர்க்ரென் வரைந்த சுழலில் இந்த வேதியியலும் ஒரு கண்ணி என்பது என் எண்ணம். பயந்தவருக்குத்தான் பயந்தபடியே நடக்கிறது.

பல் மருத்துவ மாணவர்களுக்கு மட்டும் பயம் குறைவு. மேல் வகுப்புகளில் இன்னும் குறைவு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. தினமும் கருவியைக் கையில் எடுத்துப் பழகுவது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் இதை அப்படியே நம்புவதற்கில்லை. இவற்றில் பெரும்பாலானவை ஒரே நேரத்தில் முதலாண்டு மாணவர்களையும் இறுதியாண்டு மாணவர்களையும் ஒப்பிட்டவை. அதே ஆட்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தவை அல்ல. தவிர, டிரில் சத்தம் கேட்டாலே வியர்ப்பவர் அந்தப் படிப்பில் ஏன் சேரப்போகிறார்?

மற்றத் துறை மாணவர்களுக்கு உதவக்கூடியது நாற்காலியில் அமர்ந்தவரின் கையில் கொஞ்சம் அதிகாரம் இருப்பது. வலித்தால் இடது கையைத் தூக்குங்கள், உடனே நிறுத்துகிறேன் என்று மருத்துவர் முன்கூட்டியே பேசிவைப்பது பழைய முறை. வலக்கைப் பழக்கமுள்ள மருத்துவர் நோயாளியின் வலப்பக்கம் அமர்வதால், இடது கை கருவியில் இடிக்காது. தூக்கிய முதல் முறை அவர் உண்மையிலேயே நிறுத்த வேண்டும். "இன்னும் ஒரே நிமிடம்" என்று தொடர்ந்தால் அந்த ஒப்பந்தம் அங்கேயே முறிந்துவிடும்.